சம்ப்பில் 18,000 லிட்டர்: எந்த நீதிக் கோட்பாட்டின்படி பிரிப்பது?

80 வீடுகள், 260 பேர் கொண்ட ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூருவின் மகாதேவபுராவில் இருக்கலாம், பொம்மனஹள்ளியில் இருக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற நகர்ப்புற அளவுப்படி தினம் 35,100 லிட்டர் வேண்டும். மார்ச் பிறந்ததும் போர்வெல் இறங்கிவிடுகிறது. காவிரி லைனும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் சம்ப்பில் விழுவது 18,000 லிட்டர், தேவையில் பாதிக்குச் சற்று மேல். இதை யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது?

அசோசியேஷன் கூட்டத்தில் வழக்கமாக நான்கு யோசனைகள் எழும். வீட்டுக்கு ஒரே அளவு. சதுர அடிக்கு ஏற்ப. தலைக்கு இவ்வளவு. மீட்டர் போட்டு, காசு கொடுப்பவர் எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொருவரும் தன் பக்கம்தான் நியாயம் என்று மனதார நம்பித்தான் பேசுகிறார். அந்த நம்பிக்கைக்குப் பின்னால், கடந்த ஐம்பது ஆண்டு அரசியல் சிந்தனையில் அலசப்பட்ட ஏதாவதொரு கோட்பாடு நிற்கிறது. பொருளியலாளர் அமர்த்தியா சென் 1979-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரைக்கு வைத்த தலைப்பே ‘எதில் சமத்துவம்?’ என்பதுதான். வீட்டில் சமமா, ஆளில் சமமா, காசில் சமமா, அன்றாடம் வாழ முடிவதில் சமமா? இதை முடிவு செய்யாமல் வால்வைத் திறந்தால் எந்த விதியும் ஒரு வாரம் தாங்காது.

முதல் யோசனையைச் சீக்கிரமே ஒதுக்கிவிடலாம். 18,000-ஐ 80-ஆல் வகுத்தால் வீட்டுக்கு 225 லிட்டர். தனியாக இருக்கும் ஐ.டி. பையனுக்கு 225 லிட்டர். தாத்தா பாட்டியோடு ஆறு பேர் இருக்கும் வீட்டில் தலைக்கு 37.5. குடிக்க, சமைக்க, கழுவ, கழிப்பறைக்கு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமம் என்ற பெயரில் ஒரு வீட்டைக் குறைந்தபட்சத்துக்கும் கீழே தள்ளும் விதி இது. கணக்கு எளிது என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் கிடையாது.

சதுர அடிக் கணக்கை அப்படி ஒதுக்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்கக உடைமைச் சட்டப்படி பொதுச் செலவில் ஒவ்வொருவர் பங்கும் அவரவர் பிரிபடாத உடைமைப் பங்கின் விகிதத்தில்தான். போர்வெல் தோண்டிய காசில் பெரிய வீட்டுக்காரர் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார், தண்ணீரும் கூடுதலாக வேண்டும் என்கிறார். அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974-இல் முன்வைத்த உரிமைக் கோட்பாடு இவர் பக்கம்தான் நிற்பதுபோல் தெரியும். ஒரு பொருள் நேர்மையாகக் கைக்கு வந்திருந்தால், நேர்மையாகக் கைமாறியிருந்தால், அது அவருடையது. கடைசியில் யாரிடம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற தோற்றத்தை வைத்து நீதியை அளக்கக் கூடாது. வந்த வழியைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

ஆனால் நோசிக்கைக் கையில் எடுப்பவர்கள் அவர் எழுதிய ஒரு பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதுதான் நம் சம்ப்புக்கு நேராகப் பொருந்துவது. பாலைவனத்தில் இருக்கும் ஒரே நீர்நிலையை ஒருவர் சொந்தமாக்கிக்கொண்டு இஷ்டப்பட்ட விலை கேட்க முடியாது என்கிறார் அவர். அதோடு நிற்கவில்லை. பல நீர்நிலைகள் இருந்து, ஒருவருடையதைத் தவிர மற்றதெல்லாம் வற்றிப்போனால், அதில் அவர் தவறு எதுவும் இல்லாவிட்டாலும், அப்போதும் இஷ்டப்பட்ட விலை கேட்க முடியாது. உடைமை உரிமையோடு கூடவே பிறந்த வரம்பு இது, பின்னால் வந்து ஒட்டிய தயவு அல்ல. சுற்றிலும் போர்வெல் வற்றிய மார்ச் மாதத்தில் தண்ணீர் இருக்கும் ஒரே போர்வெல் எந்த நிலையில் இருக்கிறது என்று இதை வைத்துப் பார்த்தால் தெரியும். பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் 2024 மார்ச்சில் டேங்கர் விலைக்கு உச்சவரம்பு வைத்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய், வரி தனி. சந்தையில் அரசு மூக்கை நுழைத்ததாகச் சிலர் குறைபட்டார்கள். நோசிக்கின் வரம்பை வைத்தே அந்த உச்சவரம்பை ஆதரித்து வாதாட முடியும்.

சதுர அடிக் கணக்கில் இன்னொரு குறையும் உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு இதில் இடமே இல்லை. உடைமைப் பங்கு வீட்டுச் சொந்தக்காரருடையது. குளிக்க வேண்டியவர் வாடகைதாரர்.

பயன்வாதம், அதாவது மொத்த நன்மை அதிகமாக வேண்டும் என்ற நிலை, தண்ணீர் விஷயத்தில் பலர் நினைப்பதைவிட நன்றாகவே வேலை செய்யும். ஒருவருக்குக் கிடைக்கும் முதல் 20 லிட்டர் உயிர்த்தேவை. 150-ஆவது லிட்டர் பால்கனிச் செடிக்கு. ஆகவே மொத்த நன்மையைக் கூட்டினாலே தண்ணீர் தானாகச் சமப் பங்கீட்டை நோக்கிச் சாயும். இது எங்கே சறுக்குகிறது? உடல்நலம் குன்றிய ஒருவர் சாதாரணமாகக் குளித்து முடிக்கவே 120 லிட்டர் வேண்டுமென்றால், அந்தத் தண்ணீரை ஆரோக்கியமான மூன்று பேருக்குப் பிரித்தால் மொத்தம் கூடும் என்று கணக்கு சொல்லிவிடும். மொத்தத்தைப் பார்க்கும் கண்ணுக்குத் தனி ஆள் தெரியாது என்பது அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971-இல் வைத்த முக்கியக் குற்றச்சாட்டு.

ரால்ஸை அடுக்ககத்துக்குள் கொண்டுவரும் முன் ஓர் எச்சரிக்கை. அவர் தன் நெறிகளைச் சமூகத்தின் அடிப்படை அமைப்புக்காக வகுத்தார். அரசியல் சாசனம், சொத்துரிமை, சந்தை, குடும்பம் போன்றவற்றுக்காக. சங்கத்துக்கும் கிளப்புக்கும் அவை நேரடியாகப் பொருந்தும் என்று அவர் சொன்னதில்லை. அவர் யோசித்த முறையைத்தான் இங்கே கடன் வாங்குகிறோம்.

அந்த முறை நம் ஊர்க் கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. தண்ணீர் திறந்துவிடுபவர் நீர்க்கட்டி. சில ஊர்களில் நீர்ப்பாய்ச்சி. பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் நிலமில்லாதவரே அந்த வேலையில் இருந்தார். தனக்கு வயல் இல்லாதவர் மடையைப் பிடித்தால் யார் வயலுக்கும் சாயமாட்டார் என்பது அதிலுள்ள நம்பிக்கை. ரால்ஸின் ‘அறியாமைத் திரை’ இதையே ஒரு கற்பனைச் சோதனையாக ஆக்குகிறது: எந்த மாடி, எத்தனை பேர், சொந்த வீடா வாடகையா, உடம்பு எப்படி என்று எதுவும் தெரியாமல் விதியை எழுது. தெரியாதபோது மனம் எங்கே போகும்? தண்ணீர் கடைசியாக வந்துசேரும் கடைமடைக்குத்தான். நானே கடைமடையில் இருந்துவிட்டால் என்ன ஆவது என்று.

இதே திரையைப் போட்டுக்கொண்டு பொருளியலாளர் ஜான் ஹர்சானி வேறு முடிவுக்கு வந்தார். எந்த இடமும் சம வாய்ப்போடு எனக்குக் கிடைக்கலாம் என்றால், சராசரி அதிகமாக இருக்கும் விதியைத் தேர்ந்தெடுப்பதே பகுத்தறிவு என்றார். இருவரில் யாரை எடுப்பது என்பது பங்கிடும் பொருளைப் பொறுத்தது. திருமண மண்டபத்தின் இருக்கையைப் பங்கிடும்போது சராசரி போதும். தண்ணீர் 50 லிட்டருக்குக் கீழே போனால் வயிற்றுப்போக்கும் கழிப்பறை நாற்றமும் வரும். அங்கே சூதாட முடியாது. அதனால் இந்த விஷயத்தில் ரால்ஸ்தான் பலமாக நிற்கிறார் என்பது எங்கள் கணிப்பு.

அவருடைய வேறுபாட்டு நெறியைப் பலர் ‘எல்லாருக்கும் சமம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை. கடைசியில் இருப்பவரின் நிலையை உயர்த்தினால் ஏற்றத்தாழ்வும் ஏற்கத்தக்கது. கணக்கில் பார்ப்போம். 12,000 லிட்டர் டேங்கர் 1,000 ரூபாய் என்றால் லிட்டர் 8.33 பைசா. குறைந்தபட்ச அளவுக்கு மேல் எடுப்பவர்களுக்கு லிட்டருக்கு 12 பைசா வாங்குங்கள். ஒரு நாளில் 10,000 லிட்டர் அப்படி விற்றால் 367 ரூபாய் மிச்சம். அதில் 4,400 லிட்டர் கூடுதலாக வாங்கலாம். 260 பேருக்குப் பிரித்தால் தலைக்குக் கிட்டத்தட்ட 17 லிட்டர். காசுள்ளவர் கூடுதலாகக் குளிப்பது இங்கே கடைமடைக்கு 17 லிட்டர் கொண்டுவருகிறது, ரால்ஸ் ஒப்புவார். அந்த 367 ரூபாயைக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கச் செலவழித்தால் ஒப்பமாட்டார். ஆகவே கூடுதல் கட்டணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், தண்ணீருக்கே செலவாக வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதியாக வேண்டும்.

அடுக்ககத்தில் கடைமடை எங்கே இருக்கிறது என்பதைப் பலர் தவறாக ஊகிக்கிறார்கள். ஓவர்ஹெட் டேங்க்குக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடிதான் அது. தொட்டிக்கும் குழாய்க்கும் உயர வித்தியாசம் குறைவு, அதனால் அழுத்தம் குறைவு. வால்வைத் திறந்ததும் கீழ் மாடிகள் வேகமாக இழுத்துவிடும். நேரம் வைத்துத் தண்ணீர் விட்டால் மேல்மாடியில் நூல்போல வரும்போதே நேரம் முடிந்துவிடும். கீழ் மாடிகளுக்குப் போகும் லைன்களில் கேட் வால்வைப் பாதி மூடி, மேலும் கீழும் ஒரே வாளி எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் நிறைவேற்றும் எந்தச் சமத்துவத் தீர்மானமும் ஈர்ப்பு விசையிடம் தோற்கும்.

சட்டத் தத்துவவாதி ரொனால்ட் டுவார்க்கின் 1981-இல் எழுதிய கட்டுரைகளின் சாரம் ஒரு வரியில்: உன் தேர்வுக்கு நீ பொறுப்பு, உன் துரதிர்ஷ்டத்துக்கு நீ பொறுப்பல்ல. பாத்டப் வைத்தது தேர்வு. அதற்கு ஆகும் தண்ணீரின் விலையை அவரே கொடுக்கட்டும். மூட்டுவலியால் மூன்று முறை வெந்நீர் ஒத்தடம் தேவைப்படுவது தேர்வல்ல. குறைந்தபட்சத்துக்கு மேல் எடுக்கும் தண்ணீருக்கு, அதாவது பங்கீட்டின் மேல் அடுக்குக்கு, விலை வைப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் இல்லை. அதற்கு மேல் இதை நீட்டினால், யாருடைய எந்தத் தேவை யார் குற்றம் என்று வீடு வீடாக விசாரிக்க வேண்டிவரும்.

சென்னின் இயலுமை அணுகுமுறை தலைக்கணக்கையும் கேள்வி கேட்கிறது. 18,000-ஐ 260-ஆல் வகுத்தால் தலைக்கு 69 லிட்டர். ஒரே 69 லிட்டரை வைத்துக்கொண்டு எல்லாராலும் ஒரே வாழ்க்கையை வாழ முடியாது. மாதவிடாய் நாட்கள், பிரசவமான வீடு, படுக்கையில் இருப்பவர், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர், துணி டயபர் கட்டும் குழந்தை என்று பாருங்கள்: தண்ணீரை வாழ்க்கையாக மாற்றும் திறன் ஆளுக்கு ஆள் வேறு. சமமாக இருக்க வேண்டியது அந்த வாழ முடிவதுதான் என்பார் சென். சரியான வாதம். நடைமுறையில்தான் இடறும். தேவையை நிரூபிக்கச் சொன்னால் நோட்டீஸ் போர்டில் ‘சிறப்புத் தேவையுள்ள வீடுகள்’ என்று பட்டியல் ஒட்டிவிடுவார்கள். அமெரிக்கத் தத்துவவாதி எலிசபெத் ஆண்டர்சன் 1999-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கற்பனைக் கடிதம் வரும்: நீங்கள் குறையுள்ளவர், ஆகவே உங்களுக்கு உதவுகிறோம் என்று அரசு அனுப்பும் கடிதம். பங்கு கொடுக்கும் முறையே ஒருவரைத் தாழ்த்தலாம் என்பதைக் காட்டத்தான் அதை எழுதினார். சமத்துவத்தின் நோக்கம் ஒருவரையொருவர் சமமானவராக நடத்துவது, அளவு அதில் ஒரு பகுதி மட்டுமே என்பது அவர் நிலை.

இந்திய வாசகருக்கு இது அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய பாடமில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் தலைமையில் தலித் மக்கள் சவ்தார் குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். அந்தக் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிடுவதாக நகராட்சி ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் உரிமை இருந்தது, குளக்கரையில் இல்லை. மகாட் தொட்ட கேள்வி எத்தனை லிட்டர் என்பதல்ல. யார் எந்தப் படித்துறையில் இறங்கலாம் என்பது. அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவில் கிணறும் குளமும் படித்துறையும் பெயர் சொல்லி எழுதப்பட்டதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. மேலே சொன்ன நீர்க்கட்டியையும் இங்கே திரும்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தலித் குடும்பத்தவர். அவர் பாரபட்சமற்றவராக இருந்ததற்குக் காரணம் அவருக்கு நிலமே கிடைக்காமல் போனது. ரால்ஸின் திரைக்கு அழகான உவமை என்று அதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மை மறைந்துவிடும்.

இப்போது நம் அடுக்ககத்தின் பேஸ்மென்ட்டுக்கு வாருங்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஊழியர் ஆறு பேர். தினமும் வந்துபோகும் வீட்டு வேலைக்காரர்கள், டிரைவர்கள் நாற்பது பேர். லிப்ட் பக்கத்தில் ஒரு கழிப்பறை, ஒரு குழாய். தட்டுப்பாடு வந்ததும் பல அடுக்ககங்களில் முதலில் மூடப்படும் குழாய் இதுதான். மூடுவதற்கு ஓட்டெடுப்பு தேவையில்லை, எதிர்க்க அங்கே ஆள் இல்லை. ரால்ஸுடையது போன்ற ஒப்பந்தக் கோட்பாடுகளின் ஆழமான பலவீனம் இங்கே தெரிகிறது: ஒப்பந்தம் போடுபவர்களும் ஒப்பந்தத்தால் பயனடைபவர்களும் ஒரே கூட்டம் என்று அவை எடுத்துக்கொள்கின்றன என்று தத்துவவாதி மார்த்தா நுஸ்பாம் 2006-இல் சுட்டினார். 260 என்ற எண்ணை எழுதிய கணமே நாமும் 46 பேரை வெளியே விட்டோம்.

யாரை எண்ணுவது என்ற கேள்வி காவிரியிலேயே வந்ததுதான். 2007-இல் நடுவர் மன்றம் பெங்களூருவின் குடிநீர்த் தேவையைக் கணக்கிட்டபோது, நகரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரிப் படுகைக்குள் வருகிறது என்று அந்தப் பங்கை மட்டும் எடுத்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் நகரம் முழுவதையும் எண்ணி, குடிநீருக்காக 4.75 டிஎம்சி சேர்த்தது. டெல்டாவின் நிலத்தடி நீரைக் கணக்கில் எடுத்து இன்னொரு 10 டிஎம்சியும் கர்நாடகத்துக்குப் போனது. தமிழகத்தின் பங்கு 192-லிருந்து 177.25 டிஎம்சி ஆனது. பெங்களூருவில் குழாயைத் திறக்கும் தமிழர் டெல்டாவின் கடைமடை, அடுக்ககத்தின் கடைமடை இரண்டுக்கும் சொந்தக்காரர். இதில் எந்தப் பக்கம் நியாயம் என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. எல்லையை எங்கே கோடு போடுகிறோம் என்பது பங்கைத் தீர்மானிக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

தத்துவவாதி நான்சி ஃபிரேசர் வற்புறுத்தும் அங்கீகாரத்தையும், அதாவது ஒரு கூட்டத்தாரின் அடையாளம் மதிக்கப்படுவதையும், ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அதனால் யார் வீட்டிலும் ஒரு லிட்டர் கூடவில்லை. இருந்தும் அந்தத் துணி விலகியது இந்த ஊர்த் தமிழருக்கு என்னவாக இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். அடுக்ககத்தில் இதற்கு இணை சின்னது: தண்ணீர் அறிவிப்பை இங்கிலீஷில் மட்டும் ஒட்டாமல் கன்னடத்திலும், ஊழியர் படிக்கும் மற்ற மொழிகளிலும் ஒட்டுவது.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒற்றைக் கோட்பாடு போதாது. கீழ் அடுக்கில் போதுமான அளவும் சென்னின் தேவைக் கணக்கும், மேல் அடுக்கில் விலை, விலையில் கிடைத்த உபரி கடைமடைக்கு, முடிவெடுக்கும் மேசையில் எல்லாருக்கும் இடம். எங்கள் பரிந்துரை இந்த வரிசைதான். எண்ணில் வைத்தால்:

260 பேருக்கு ஆளுக்கு 50 லிட்டர், 13,000. தங்கி வேலை செய்யும் 6 பேருக்கும் அதே 50, ஆக 300. வந்துபோகும் 40 பேருக்கு ஆளுக்கு 15, ஆக 600. கூடுதல் தேவையுள்ள 20 பேருக்கு ஆளுக்கு 40, ஆக 800. கசிவுக்கும் சம்ப் அடிமட்டத்துக்கும் பத்தில் ஒரு பங்கு, 1,800. மொத்தம் 16,500. மீதி 1,500-ம் ஒரு டேங்கரின் 12,000-ம் சேர்ந்த 13,500 லிட்டர்தான் விலைக்கு.

இதைச் செய்யும் முன் ஒரு வாரம் அளக்க வேண்டும். சம்ப் 6 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 240 லிட்டர் போயிருக்கிறது. காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் குச்சி விட்டுப் பார்த்து எழுதுங்கள். ஒரு ராத்திரி பம்ப்பை நிறுத்தி, உள்ளே வரும் லைனையும் மூடிவிட்டு, 11 மணிக்கும் விடிகாலை 5 மணிக்கும் அளவெடுங்கள். 5 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 1,200 லிட்டர் மண்ணுக்குப் போகிறது. பங்கீட்டுச் சண்டைக்கு முன் அதை அடைக்க வேண்டும்.

மீட்டரில்தான் பெரும்பாலான திட்டங்கள் கவிழ்கின்றன. பழைய கட்டடங்களில் சமையலறைக்கு ஒரு லைன், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு லைன் என்று வீட்டுக்கு மூன்று நான்கு வழிகளில் தண்ணீர் நுழையும். ஒரு மீட்டரால் அளக்க முடியாது. விட்டு விட்டுத் தண்ணீர் வரும் லைனில் முதலில் காற்றுதான் வரும். இயந்திர மீட்டர் அந்தக் காற்றுக்கும் சுற்றும். மேல்மாடிக்காரருக்குத் தண்ணீரும் குறைவு, பில்லும் அதிகம் என்ற கொடுமை அதில்தான் நேர்கிறது. மாடிகளுக்குச் செங்குத்தாகப் போகும் ரைசர் குழாயின் உச்சியில் காற்று வெளியேறும் வால்வு இல்லாமல் மீட்டர் போடாதீர்கள். நேரம் வைத்துத் தண்ணீர் விடும் முறையைக் கூடியவரை தவிருங்கள்: நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குபவருக்கு அந்த நேரம் கிடையாது, பயத்தில் எல்லா வாளியிலும் பிடித்து வைப்பவர் மறுநாள் ‘பழைய தண்ணி’ என்று கொட்டிவிடுவார்.

தலைக்கணக்கில் ஆட்களைக் கூட்டிச் சொல்வார்கள். காஸ் ரிஜிஸ்டரைப் போல வீட்டுக்கு ஒரு பதிவேடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்தம் போதும். கூடுதல் தேவையை இரண்டு பேர் மட்டும் வாங்கிப் பதியட்டும், காரணம் எழுத வேண்டாம், வீட்டு எண்ணுக்கு எதிரே லிட்டர் மட்டும். அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும். வாடகைதாரருக்கு இந்தத் தீர்மானத்தில் மட்டுமாவது ஓட்டு கொடுங்கள். சட்டப்படி முடியாவிட்டால் தண்ணீர்க் குழுவில் இரண்டு இடம் கொடுங்கள். ஊழியர் சார்பில் ஒருவர் உட்காரட்டும். மழை வந்து சம்ப் ஒரு வாரம் தொடர்ந்து 30,000 லிட்டரைத் தொட்டால் விதி தானாக முடியும் என்றும் எழுதிவையுங்கள். முடிவு தேதி இல்லாத அவசர விதி அடுத்த ஆண்டு வேறு யாருக்கோ ஆயுதமாகும்.

டேங்கர் வராத நாளுக்கும் ஒரு வரிசை வேண்டும். அதைப் பம்ப் ரூம் சுவரில், பிளம்பர் கண்ணில் படும் உயரத்தில், லேமினேட் செய்து மாட்டுங்கள்: முதலில் தோட்ட லைன், பிறகு விலைக்கு விடும் மேல் அடுக்கு, பிறகு எல்லா வீட்டுக்கும் ஆளுக்கு 50-லிருந்து 45, ஊழியருக்கும் அதே விகிதத்தில். பேஸ்மென்ட் குழாயின் வால்வுக்குத் தனியாகச் சிவப்பு அட்டை: குழுவின் எழுத்து மூலமான உத்தரவின்றி மூடக் கூடாது.